பெரிய கேமராவும் சின்னக் கேமராவும் உன் அம்மாவும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. என் முட்டிவலியையும் உன் அம்மாவின் கழுத்துவலியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, எங்களைப் போலவே பொய் சொல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய், அம்மா எந்தக் கேமராவை வைத்துக்கொள்ளப் போகிறாள், நீ விட்டுப்போன பழைய டி.எஸ்.எல்.ஆரையா, நீ வாங்கி அனுப்பிய பாக்கெட் கேமராவையா என்று. மூன்று தடவையும் நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி நழுவினேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் செய்த காரியம்தான் சரியில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய், காகிதத்தில் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தானே திட்ட வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உன் சின்னக் கேமரா வந்த அன்று அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாளே அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டடங்களில் விரிசல் பார்க்கிற தன் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் வழக்கம்போல ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். லாரியை விட்டு இறங்கிய பிறகு எனக்கு உன் அம்மாதான் லோடு என்று அவள் அலுவலகத்தில் கேலி பேசுகிறார்கள், பேசட்டும். பெரிய கேமராவோடு போனால் எந்தக் கட்டடத்திலும் வாசலில் இருப்பவர் எழுந்து வந்து, எந்தப் பத்திரிகை, யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க என்று பிடித்துக்கொள்வார். சின்னதைக் கண்டு ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு அடுக்குமாடியில் தண்ணீர்க் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் போகிற சந்து, அதற்குள் கையை விட்டு, பின்னால் இருக்கும் திரையை மடக்கித் திருப்பிக்கொண்டு, வெளியே நின்றபடியே உள்ளே இருந்த விரிசலைப் படமெடுத்துவிட்டாள். பொண்ணு வாங்கினா யோசிச்சுத்தான் வாங்குவா என்று வீடு வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் உன் புகழ்தான்.

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல் போய்விட்டது. சரி, பெரியதுக்கு வேலை முடிந்தது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். கழுத்தில் பாரம் தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். உன் சித்தி மகள் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறாள் அல்லவா, அவளிடம் போன் போட்டு, வந்து எடுத்துக்கோம்மா, உனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுக்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கலாமா? முப்பது வருடம் லாரியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த கை, சும்மா இருக்குமா? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கேமராவைத் துடைத்தேன். லென்ஸைச் சுற்றி இருக்கும் ஜூம் வளையத்தில் ஒரு கறுத்துப்போன டேப் துண்டு ஒட்டியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. நகத்தால் சுரண்டி உரித்து, பசையையும் துடைத்து, வளையம் இறுகியிருக்கிறதோ என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நாலு சுற்றுச் சுற்றி வைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த டேப் எதற்கு என்று உனக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற காப்பகம் ஒன்றின் கட்டடத்தைச் சோதிப்பது அம்மாவின் பொறுப்பு. மாடிப்படிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, தொட்டியைத் தாங்கும் பீமில் ஒரு விரிசல். ஏணி எட்டாத உயரம், அதனால் அளவுகோலை வைத்து அளக்க வழியில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் அம்மா படிக்கட்டுத் திருப்பத்தில் தரையில் போட்டு வைத்த பெருக்கல் குறியின்மேல் நின்று, ஒரே மாதிரி ஒரு படம் எடுப்பாள். அதைப் பெரிதாக அச்சடித்து, ட்ரேசிங் தாளில் போன மாத விரிசலைப் பென்சிலால் வரைந்து, இந்த மாதப் படத்தின்மேல் விரிப்பாள். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தால் பீம் நகரவில்லை. அப்படி உட்கார வேண்டுமானால் வளையம் மூன்று வருடமும் மயிரிழைகூடத் திரும்பாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் டேப். நான் உரித்தது டேப்பை இல்லை வாலு, அவளுடைய மூன்று வருடத்தை.

சித்தி மகள் வந்து எடுப்பதற்கு முன்பே இந்த மாதக் காப்பக வேலை வந்தது, அம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். முதலில் சின்னதால் எடுத்தாள். அந்தத் திருப்பத்தில் வெளிச்சம் கம்மி, படம் மணல் தூவினாற்போல் வந்தது. அணைத்து அணைத்துப் போடும்போதெல்லாம் லென்ஸ் உள்ளே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காது. பெரிசு தெளிவா பேசுது, இது முணுமுணுக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே பெரியதை வெளியே எடுத்தாள். வளையத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுக்கா இருந்துச்சேன்னு துடைச்சேன் என்றேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே குழந்தைகள் செருப்பைக் கழற்றி வைக்கிற அலமாரி, நேர்மேலே அந்தப் பீம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் செய்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். அச்சடிக்கும் கடைக்குப் போன் போட்டாள். கடைக்காரர் கணினியில் பழைய படத்தைத் திறந்து பார்த்து, ஜூம் நாற்பத்திரண்டுன்னு காட்டுதும்மா என்றார். வளையத்திலோ முப்பத்தைந்துக்கு அடுத்து ஐம்பத்தைந்துதான் எழுதியிருக்கிறது, நடுவில் நாற்பத்திரண்டை எங்கே போய்த் தேடுவது? போன மாத அச்சுப் படத்தைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துக் கேமராத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். படத்தின் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அந்தப் பாதி அதே பாதியாகத் தெரிகிறவரை வளையத்தைத் திருப்பினாள், எடுத்தாள், பார்த்தாள், மறுபடி திருப்பினாள். முப்பத்தேழு படம். அந்தக் கண்ணும் கையும் எனக்கு வாய்த்திருந்தால் ஒரு லாரியிலும் ஒரு கீறல் விழுந்திருக்காது. கடைசியில் வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பையில் டேப் இருக்கு, நீங்களே ஒட்டுங்க என்றாள். ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினேன். எங்கள் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

அன்று மாலையே அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். ஸ்விட்ச் பெட்டி உட்கார்ந்தது, பக்கத்துக் குழாய் உட்கார்ந்தது, விரிசலின் மேல் ஓரம் கோட்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழ் ஓரம் உட்காரவில்லை. ஒரு பென்சில் கோட்டின் பருமன் இறங்கியிருந்தது. அவளுடைய மேலதிகாரி போனில், அடுத்த மாசமும் ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லலாமே என்றார். இவள் சொல்வது தப்பாகப் போனால் இனி இவளைக் கட்டடம் பார்க்க அனுப்பமாட்டார்கள், மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடச் சொல்லிவிடுவார்கள், அவள் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது. அது தெரிந்தும் மறுநாள் காலை கதவு திறக்குமுன் காப்பகத்தில் போய் நின்று, குழந்தைகள் இனி படிக்கட்டுப் பக்கம் வரக்கூடாது, தொட்டியை வடிக்க வேண்டும் என்றாள். நடத்துகிற அம்மாள் கோபக்காரர். நாப்பது குழந்தைங்கள எங்கே கொண்டு போய் வைக்கிறது, கேமரா கோளாறா இருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டார். அம்மா ஒளிக்கவில்லை. வளையத்துல ஒட்டியிருந்த டேப் உரிஞ்சு போச்சுங்க, அதனாலதான் பெட்டியும் குழாயும் சேருதான்னு மூணு தடவை பார்த்தேன் என்றாள். உரிஞ்சு போச்சு என்றாள் வாலு, உரிச்சுட்டாரு என்று சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்புறம், நான் சொன்னது தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க, சரியா இருந்தா யாரைத் திட்டுவீங்க என்று கேட்டாள். அந்த அம்மாள் உள்ளே போய்க் குழந்தைகளின் பாய்களை முன் கூடத்துக்கு மாற்றச் சொன்னார்.

தொட்டியை வடித்தார்கள், சாரம் கட்டிக் கொத்தனார் ஏறினார். சுத்தியலால் மூன்றாவது தடவை தட்டியதும் தலையணை அளவு காரை பெயர்ந்து செருப்பு அலமாரியின்மேல் விழுந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துருத்தூள். கொத்தனார் மேலே இருந்தபடியே, இதைக் கீழே நின்னு கண்டுபிடிச்சது யாருங்க என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு என் சம்சாரம் என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், பெரியது இங்கேதான் இருக்கும். சித்தி மகளிடம் நானே நேரில் போய்க் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், முகம் வாடினாள், விஷயம் கேட்டதும் சமாதானமாகிவிட்டாள். கழுத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்பாய். டாக்டர் அவள் கழுத்தைத்தான் சொன்னார், என் கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருக்கல் குறிவரை நான் சுமக்கிறேன், படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அவள் வாங்கிக்கொள்கிறாள். வளையத்தின் பக்கம் என் விரல் போவதில்லை.

சின்னதை இந்தக் கடிதத்தோடு உனக்கே திருப்பி அனுப்புகிறாள். வருத்தப்படாதே, அதன்மேல் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படங்களையெல்லாம் அதே மேசையில் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் அடுத்தவர் போனில் எடுத்தவை, ஒன்றில் ஓரமாக நிற்கிறாய், ஒன்றில் பாதி முகம். படமெடுத்தே வளர்ந்தவள் நீ, கேமராவை இங்கே விட்டுப்போய் நாலு வருடமாகிறது, வாங்கின இன்னொன்றையும் எங்களுக்கே அனுப்பிவிட்டாய். உன்னிடம் என்ன இருக்கிறது என்று நாங்கள் இருவரும் கேட்கவே இல்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள், கன்னம் உள்ளே போயிருக்கு என்றாள். வெளிச்சம் அப்படி என்றேன். மாசம் ஒரு படம் ஒரே இடத்துல நின்னு எடுத்து அனுப்பச் சொல்லுங்க என்றாள். அவ என்ன கட்டடமா என்று சிரித்தேன். கட்டடத்துக்கு வாய் கிடையாது, அதனால சொல்லல. இவளுக்கு வாய் இருக்கு, இருந்தும் சொல்லமாட்டா என்றாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

எதையும் தனியாகத் தாங்கிக்கொண்டு நிற்காதே மகளே. உடம்பும் மனமும் உரமாக இருந்து, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீ நீண்ட நாள் நிறைவாக வாழ இருவரும் மனதார வாழ்த்துகிறோம். பொட்டலத்தில் பேட்டரியைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், சார்ஜர் அடியில் இருக்கிறது. முதல் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடு, முகம் முழுசாகத் தெரிய வேண்டும். நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொள், உன் அம்மா கோட்டின்மேல் கோடு வைத்துப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் கேமராவைச் சுமக்கும்
அப்பா