போனில் காணாமல் போன அப்பா

அன்பு மகள் டோம்மாவுக்கு,

நானும் அப்பாவும் கழுதைகள் இரண்டும் சுகம். நீ அங்கே வான்கூவரில் சளி, இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடும். "இது டோம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

கடலணை வாரியத்திலிருந்து ஓய்வு வாங்கிய கையோடு பெர்த்தா, குஸ்தாவ் இரண்டு கழுதைகளையும் பிடித்துக்கொண்டு வந்து, விடுமுறைக்கு வருகிறவர்களைக் கழுதையோடு கடலணை மேல் நடக்கக் கூட்டிப்போகப் போகிறேன் என்று ஆரம்பித்தாரே, அதற்குக் குளிர்காலம் முழுக்க அந்தப் பெரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெப்சைட்டும் தானே செய்தார். போனில் எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவையாவது பாருங்கள் என்று நீ அப்போதே தலையில் அடித்துக்கொண்டாய். "கழுதையோட நடக்க வர்றவன் போனையா நோண்டிக்கிட்டு இருப்பான்?" என்று உன் வாயை அடைத்துவிட்டார். ஈஸ்டர் நெருங்கியது, ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. முதலில் மழைதான் காரணம் என்றார். பிறகு குஸ்தாவின் மூஞ்சி சோகமாக இருக்கிறது, அதனால்தான் என்று ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி மாட்டினார், அதை பெர்த்தா தின்றுவிட்டாள். ஹார்ம்ஸ் பேக்கரிக்கு வெப்சைட்டே கிடையாது, அங்கே கூட்டம் வரவில்லையா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். ஹார்ம்ஸ் ரொட்டியை இந்த ஊரே பிறந்ததிலிருந்து தின்கிறது, உன் கழுதையை யாருக்குத் தெரியும், புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்கு இப்போதெல்லாம் வாசல் என்பதே அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது என்றேன். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாடு வரை வரவில்லை, எனக்கும் மனசு கேட்கவில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமை மழை விட்டது. பார்த்தால் கார்மேல் கார் வந்து நிற்கிறது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுத் துணி போட்ட குழந்தை மாதிரி ஓடினார். ஆனால் ஒவ்வொரு காரிலிருந்தும் முதலில் இறங்கியது ஒரு நாய். குட்டைக்கால் நாய், சுருட்டைமுடி நாய், கன்றுக்குட்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு பூதம். பெர்த்தாவுக்கு நாய் என்றால் ஆகாது என்று உனக்குத்தான் தெரியுமே. "நாய் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே, யாருக்கும் படிக்கத் தெரியாதா?" என்று அப்பா கத்த, "படிச்சுட்டுதான் வந்தோம் பெரியவரே, நாய்க்கு அனுமதின்னுதான போட்டிருக்கு" என்று ஒருவர் திருப்பிக் கத்தினார். இதற்கு நடுவே ஒரு சின்னப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, ஃபோக்கோ எங்கே என்று கேட்டது. நான்தான் ஃபோக்கோ என்றார். "பொய்! ஃபோக்கோவுக்கு இவ்ளோ பெரிய காது" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது. ஆனாலும் நல்ல பிள்ளை, கொண்டுவந்த கேரட்டை அவரிடமே நீட்டிவிட்டது. அவரும் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து பெர்த்தா குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், நாய்கள் எட்டுத் திக்கும் பறந்தன. கறுப்புப் பூதம் தன் எஜமானியையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. அந்த அம்மாள் ஓல்டன்பர்க்கில் நீதிபதியாக இருந்தவராம், பெயர் ஓஸ்டர்காம்ப். சேற்றோடு சேறாகக் கூட்டிவந்து, குளிக்க வைத்து, அப்பாவின் குளியல் அங்கியைக் கொடுத்துச் சமையலறையில் உட்காரவைத்தேன். கோப்பையில் கற்கண்டு போட்டுத் தேநீர் ஊற்றினேன். அப்பா ஒரு ஓரமாக நின்று, கழுதைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், இது எனக்குச் சரிப்படாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் மட்டும் நிதானமாக, தீர்ப்புக்கு முன்னால் சாட்சியத்தைப் பார்த்துவிடலாம் என்று தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பெரிய திரைக்காக அகலமாகப் போட்ட பக்கத்தில், போனில் இடது பாதிதான் தெரிகிறது. "நாய்களை அழைத்துவர அனுமதி" என்று இருக்கிறது, "இல்லை" என்பது விளிம்புக்கு வெளியே போய்விட்டது. பதிவு செய்கிற பொத்தானும் வெளியே. குஸ்தாவ் பக்கத்தில் அப்பா நிற்கிற படம் இருக்கிறதே, அதில் குஸ்தாவ் மட்டும்தான் நிற்கிறான். கீழே, "வணக்கம், நான் ஃபோக்கோ. காலமெல்லாம் இந்த அணைமேல்தான் நடக்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்குப் பிடிக்காது" என்று இருக்கிறது. அப்பா வெகுநேரம் பார்த்தார். "ஹில்கே, நான் எங்க?" என்றார் பரிதாபமாக. நீதிபதி அம்மாள் விரலால் பக்கத்தை இழுத்துக் காட்டினார். இழுத்துக்கொண்டே போக, கடைசியில் படத்தில் அப்பா வந்தார். "அதோ, அதோ இருக்கேன்!" என்றார் பார், நான் தேநீரை மூக்கு வழியாக விட்டேன். அந்த அம்மாளும் குளியல் அங்கியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கழுதைகளைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது. மறுநாளே அப்பா உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்தைப் பெரிதாக்கி, பொத்தானைக் கட்டைவிரலுக்கு வாகாக வைத்து மாற்றினார். நான் போனோடு அணைமேல் நிற்க வேண்டும். வருகிற ஆட்கள் காற்றில், ஒரு கையில் ஐஸ்கிரீமோடுதான் பார்ப்பார்களாம், அதனால் அங்கேயே சோதிக்க வேண்டுமாம். அவர் ஜன்னலைத் திறந்து "இப்போ?" என்று கத்துவார், நான் "இன்னும் உன் பாதித் தலையைக் காணோம்!" என்று கத்துவேன். ஆடு மேய்க்கும் எய்லெர்ட் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. எனக்கோ கையில் உறை, ஈரம், விரல் வேலை செய்யவில்லை, மூக்கால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திவிட்டேன், டோம்மா! பதிவே ஆகிவிட்டது, சோதனைக்காக வீட்டிலேயே நிரப்பிவைத்த என் பேரில்.

ரத்து செய்துவிடு என்று சொல்ல வீட்டுக்கு இறங்கினேன். அதற்குள் அப்பா தலைவாரி, சட்டை மாற்றி, இரண்டு கழுதைகளையும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வாங்கம்மா, வணக்கம். எங்க முதல் விருந்தாளி நீங்கதான். காலணி சௌகரியமா இருக்கா?" என்றார். ஒரு சிரிப்பு இல்லை. மழை தூறுகிறது, உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். காலமெல்லாம் நான் நடந்த அணையை எனக்கே சுற்றிக் காட்டினார். மதகடியில் நின்று, "இங்கதான் என் மனைவி முதல் தடவை என்னைத் திட்டினா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இவளைத்தான்னு" என்றார். எதற்காகத் திட்டினாராம் என்று கேட்டேன். அதெல்லாம் குடும்ப விஷயம், விருந்தாளிகளிடம் சொல்வதில்லை என்று கழுதையை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

இப்போது சனி, ஞாயிறு இடமே இல்லை. நீ எப்போதும் நன்றாக இரு, கண்ணு, எங்கள் ஆசி உனக்கு நிறைய. அங்கே குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள், ராத்திரியில் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே. அடுத்த தடவை அப்பா போனில் வந்து, வெப்சைட் செய்கிறவர்கள் எதையும் முதலில் போனில்தான் பார்க்க வேண்டும், தெரியுமா என்று உனக்குப் பாடம் எடுப்பார். தெரியாத மாதிரிக் கேட்டுக்கொள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஹில்கே