லைனில் ஈரம்

ஏட்டி, இன்று காலை பின்வாசலைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது பார்! இரவெல்லாம் ஐப்பசி மழை. மூங்கில் தூரில் மக்கிக் கிடக்கும் சருகும் கரிசல் மண்ணும் சேர்ந்து நனைந்தால் என்ன வாசனை வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். "அத்தை, வழுக்கிரும்! இந்த வயசுல என்ன ஓட்டம்?" என்று மருமகள் அடுப்படியிலிருந்து கத்தினாள். சருகை விலக்கினால், பழுப்பு உறையைப் போர்த்திக்கொண்டு கூர்மூக்கோடு ஒரு குருத்து! குதிக்கத்தான் தோன்றியது. முழங்கால் சம்மதிக்கவில்லை.

இது நம் டெலிபோன் ஆபீஸ் மூங்கிலின் பிள்ளை. எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் நீயும் நானும் ஆபரேட்டர்கள். காதில் ஹெட்செட்டோடு போர்டின் முன்னால் உட்கார்ந்து, யாரையோ யாரோடோ பேசவைக்கிற வேலை. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. ஆடிக் காற்று கிளம்பினால் தெருப்புழுதி முழுக்க உள்ளே வந்து போர்டின் துளைகளில் அடைந்துகொள்ளும். பேசுகிறவர்களின் குரல் கடலை வறுக்கிற சத்தத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சூப்பர்வைசர் சார் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மார்கழியில் "செங்கல் வச்சு அடச்சிருவோம்மா" என்றார்.

அடைத்துவிட்டால் சித்திரை வெயிலில் அந்த அறையில் வெந்துபோவோம். நீதான் எழுந்து நின்றாய். "சார், அங்கன மூங்கில் வச்சா புழுதி நிக்கும், காத்து மட்டும் உள்ள வரும்."

"மூங்கிலா? பாடை கட்டுத மரம்லாம்மா அது!"

"பாடையில ஏறுத வரைக்கும் காத்து வேணும்லா சார்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு கெடு வைத்தார். "சரி, வையி. வார ஐப்பசி மழையில புதுக் குருத்து விட்டா ஜன்னல் பொழச்சுது. இல்லேன்னா கொத்தனாரக் கூப்பிட்டுருவேன்."

தை மாதம் வாசுதேவநல்லூரில் உன் வீட்டு வாய்க்கால் கரையிலிருந்து கிழங்கோடு ஒரு துண்டைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாய். ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டி நட்டு, சுற்றி வட்டப்பாத்தி கட்டினோம். நாலு இலை விட்டது. நமக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குனி பிறந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. வெயில் தாங்கவில்லை என்று நான் இன்னும் தண்ணீர் விட்டேன். இன்னும் கொட்டியது. ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நீ தூரில் குத்தவைத்து, மண்ணுக்குள் விரலை விட்டாய். வெளியே எடுத்தால் விரல் முழுக்கச் சேறு.

"ஏட்டி, நீ தண்ணி ஊத்துனியா?"

"மத்தியான டூட்டிக்கு வந்ததும் ஒரு குடம் ஊத்துதேன். ஏன்?"

"நான் காலையில ஊத்துதேன்ட்டி!"

அந்த நேரம் பார்த்து, இரவு டூட்டி அண்ணாச்சி சம்பளம் வாங்க வந்தவர், பெருமையாகச் சொன்னார். "நானும் ராத்திரி ஒரு குடம் விடுதேன் தாயி. புள்ளைங்க ஆசையா வச்சது, காஞ்சிரக் கூடாதுல்லா." ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறுகிற ஆபீஸில் நட்ட செடிக்கு வேறென்ன நடக்கும்! கரிசல் மண் வேறு, குடித்த தண்ணீரை லேசில் விடாது. மூங்கில் மூச்சு முட்டி நின்றது. நாம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், போர்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து உன் சட்டம்தான். விரல் விட்டுப் பார்க்காமல் யாரும் குடத்தைத் தொடக்கூடாது. உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அடி வேர் வரைக்கும் இறங்க ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் இலை சுருண்டு ஊசியாக நின்றால் நான் பதறுவேன். "வெயிலுக்கு அப்படித்தான் சுருட்டிக்கிடும். விடிஞ்ச பெறவும் சுருண்டே கெடந்தாத்தான் தாகம்" என்பாய். கூட்டுகிற அம்மா சருகை வாரிக்கொண்டு போனால் சண்டைக்கே போவாய், அதுதான் தூருக்குப் போர்வையாம். ஆடியில் சாரல் விழுந்து இலையெல்லாம் பளபளவென்று நின்றதும், இனி தண்ணீர் வேண்டாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீ என் கையைப் பிடித்து மண்ணுக்குள் விட்டாய். சாம்பல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. சாரல் மேலே நனைக்கிறது, காற்று கீழே உறிஞ்சிவிடுகிறது. அந்த ஆடி முழுக்கக் குடம் சுமந்தோம்.

புரட்டாசியில் உனக்கு ராஜபாளையத்துக்கு மாற்றல் வந்தது. நான் அழுதேன். நீயோ, "லைன் இருக்குல்லா, என்னத்துக்கு அழுத?" என்றாய். ஆமாம், ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் பேச யாரைக் கேட்க வேண்டும்? லைன் டெஸ்டிங் என்று ஒரு நல்ல பெயர் இருந்தது. சார் பக்கத்தில் நடமாடுவார் என்பதால் நமக்கென்று ஒரு பாஷை. மண்ணுக்குப் பெயர் லைன்.

"ராஜபாளையம், லைன் எப்படி இருக்குன்னு கேக்கியா? நல்ல ஈரம்."

"அப்ப ரெண்டு நாள் தொடாத."

ஐப்பசி பிறந்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் பதறிக் கூப்பிட்டேன். "லைன்ல வெள்ளம் நிக்கி!" நீ கத்தினாய். "பாத்திய வெட்டி விடுட்டி! தண்ணி வெளிய ஓடணும்!" பாஷையை நீயே மறந்துபோனாய். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பாத்தியை உடைத்தேன். தீபாவளி போனது. குருத்தைக் காணவில்லை. ஜன்னலுக்குக் கீழே செங்கல் வந்து இறங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு காலையில், சருகைத் தள்ளிக்கொண்டு ஒரு மூக்கு. பக்கத்தில் இன்னொன்று! நனைந்த சேலையோடு போர்டுக்கு ஓடிவந்து ராஜபாளையத்துத் துளையில் கயிற்றைச் செருகினேன். "ஏட்டி! குருத்து! ரெண்டு குருத்து!" நீ அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது. திரும்பினால் பின்னால் சார் நிற்கிறார்.

அவர் வெளியே போனார். குனிந்து பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "அந்தப் புள்ள கிட்டச் சொல்லும்மா. செங்கல நாளைக்கே எடுத்திருதேன். மழை விட்ட பெறவு லைன் காஞ்சா எங்கிட்டயும் சொல்லு, ஒரு குடம் நானும் ஊத்துதேன்." புரட்டாசியிலிருந்தே மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! நீ லைனிலேயே இருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

விரல் விட்டுப் பார்க்கிற உன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதடி. மருமகள் முகம் வாடினால் புத்திமதியைக் குடத்தோடு கவிழ்க்க வாய் துடிக்கும். உன்னை நினைத்து அடக்கிக்கொண்டு, பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் கீரை ஆய்கிறேன். அவளாகவே பேசுகிறாள்.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான். போவதை என்னிடம் நீ சொல்லவில்லை. உன் மகள்தான் போன் செய்தாள். "சித்தி, அம்மா போயிட்டா" என்றாள். இத்தனை வருஷம் அடுத்தவர்களின் நல்லது கெட்டதையெல்லாம் காதில் வாங்கிக் கடத்திவிட்ட எனக்கு, அந்த நேரம் பழைய வேலைப் பேச்சுதான் வாயில் வந்தது. "லைன் சரியில்ல மக்கா, திரும்பச் சொல்லு" என்றேன்.

லைன் தெளிவாகத்தான் இருந்தது.