முன்னால் இன்ஜின் இல்லாத ரயில்

குன்னூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

லோயிஸ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மே லீவில் உங்களை மலை ரயிலில் ஊட்டிக்கும், அங்கிருந்து தொட்டபெட்டா உச்சிக்கும் கூட்டிப்போகப் போகிறேன். எப்படியிருக்கும் என்று பார்க்க, சனிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை நான் மட்டும் வந்தேன். நீங்கள் கேட்ட இன்ஜின் படத்துக்காக ரயிலின் முன்கோடிக்கு ஓடினால், அங்கே இன்ஜினே இல்லை! ஓடியதில் விழுந்து முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, ஆறிவிட்டது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நின்ற பிரேக்ஸ்மேன் சிரித்தார்.

“இன்ஜின் பின்னாடி இருக்குதுங்க. மேல ஏறுறப்ப தள்ளிட்டுத்தான் போகும்.”

“அப்போ டிரைவருக்கு வழி தெரியுமாண்ணே?”

“தெரியாதுங்க. நாங்க காட்டற கொடிதான் அவருக்குக் கண்ணு.”

கல்லாறு தாண்டியதும் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ரயில் ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எங்கோ கீழே மேகம். முன்னால் அந்தப் பச்சைக் கொடி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முப்பது வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்துவிட்டு, ‘சும்மா கொடியாட்டின வேலைதானே’ என்பீர்கள். இங்கே ஒரு ரயிலே கொடியை நம்பி மலையேறுகிறது, அப்பா.

வரும்போது கருப்பட்டி கொண்டுவாருங்கள். ஒற்றை ஆளுக்குக் காப்பி போட மனம் வருவதில்லை. ஸ்வெட்டர் இங்கே வாங்கிவிட்டேன்.

பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, வகுப்பெடுக்க ஓட வேண்டும். இறங்கும்போது பிரேக்ஸ்மேனிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். “மொதப் பெட்டிலயே உக்கார வைங்க, நம்மாளுங்க அவரு” என்றார்.

உங்கள் மகள்,
லோயிஸ்