கம்பி இல்லாத பள்ளத்தாக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை. நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பிலும் மனசிலும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அப்புறம் நான் அழுவேன், நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, உன் அப்பா நாளைக்குப் பார்க்கிறேன் என்கிறார், அந்த நாளை வருவதாகக் காணோம். அவருடைய வலது தோள் மறுபடி வலிக்கிறது. லைன்மேனாக இருந்து காலமெல்லாம் கம்பம் ஏறின தோள், ஓய்வு பெற்ற பிறகுதான் வலிப்பதற்கே அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். வெள்ளை விரிப்பு மடிக்கிற மேசை வேண்டாம், சீருடை மேசைக்கு மாற்றிக்கொடு என்று மேற்பார்வைக்காரியிடம் கேட்டேன். உன் அண்ணனைக் கொண்டுவந்தபோது சுற்றியிருந்தது அதே மாதிரித் துணி. அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கே மாற்றிக்கொடுத்தாள், நல்ல பெண்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ பேசினபோது, அண்ணன் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் உனக்கும் இடம் கிடைத்திருக்கிறது, அதே சின்ன விமானம், மலைக்குள்ளே இருக்கிற ஊர்களுக்கு மருந்தும் மளிகையும் கொண்டுபோகிற அதே தடம், சீக்கிரமே கையெழுத்துப் போடப் போகிறேன் என்றாய். பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன். அதற்கு நீ, "அந்தப் பள்ளத்தாக்கா, சிமுலேட்டர்ல எத்தனையோ தடவை போயிட்டு வந்துட்டேன்மா, இப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று சிரித்தாய். கண்ணைத் திறந்து வைத்திருந்தவனே வரவில்லையடி. அதை அப்போது சொல்லாமல் விழுங்கிவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, பெரியவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அறையில் அவனுடைய சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவனோடு விமானம் ஓட்டினாரே தாடிக்காரர், அவர்தான் அவன் போன புதிதில், அவன் தங்கியிருந்த இடத்திலிருந்து அவனுடைய சிமுலேட்டரைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்து, பெரிய திரை, கைப்பிடி, காலால் மிதிக்கிற பெடல் எல்லாவற்றையும் மேசையில் பழையபடி பொருத்திக்கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று நான் கேட்டேன், எனக்குத் தெரியவில்லை என்றார். மறுநாள் பார்க்கிறேன், உன் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கச் சொன்னால் சேனலை மாற்றுகிற மனிதர். தாடிக்காரர் விடுமுறை நாட்களில் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் ஓடுபாதையை விட்டே கிளம்பவில்லை, கிளம்பினபோது நேராகப் போய் ஒரு கொட்டகையில் மோதினார், அதற்கும் கொட்டகையைத்தான் திட்டினார். விமானம் வேகம் குறைந்து விழப் போகும்போது அந்தக் கருவி ஒரு மாதிரி அழும், உனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையற்காரம்மா என்னிடம், "உங்க வீட்டுக்கு யாராவது கைக்குழந்தையோட வந்திருக்காங்களா, நாள் முழுக்க அழுதுக்கிட்டே இருக்கே" என்று கேட்டாள். ஆமாம், வயசான குழந்தை என்றேன். பெரியவன் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, உன் அப்பா நகர்த்திவிட்டார். மலைச்சரிவில் இருக்கிற ஓடுபாதையில் மேட்டைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும், ஓர் இடம் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும், மனசு மாற இடமில்லை என்று சாப்பிடும்போது எனக்குப் பாடம் எடுப்பார். பள்ளத்தாக்கின் நடுவில் போகக் கூடாதாம், ஒரு பக்க மலையை ஒட்டிப் போனால்தான் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்குமாம். இலாகா ஜீப்பை வாழ்நாள் பூராவும் நடுரோட்டில் ஓட்டி, எதிரே வருகிறவன் ஒதுங்கட்டும் என்று இருந்தவர், மலையை ஒட்டிப் போகக் கற்றுக்கொண்டார். இன்னொன்றும் செய்தார். உன் அண்ணன் ஒவ்வொரு முறை தரை தொட்டதும் எனக்கு இறங்கிட்டேன் என்று ஒற்றை வார்த்தை அனுப்புவானே, அதே மாதிரி இவரும் திரையில் விமானம் நின்றதும் அறைக்குள்ளிருந்து "இறங்கிட்டேன்" என்று குரல் கொடுப்பார். நான் அடுப்படியிலிருந்து சரி என்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

எல்லாம் கைவந்த பிறகு ஒருநாள் தாடிக்காரரிடம், "இப்ப அவன் போன இடத்தைக் காட்டுங்க" என்றார். தாடிக்காரர் தயங்கினார். இவர் விடுவாரா, பிடித்தால் உடும்புப்பிடி. அன்றைக்கு நானும் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் அடுத்த வரி வரும். மேகம் தாழ்ந்திருந்ததால் உன் அண்ணன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தாழ வந்தான். வெட்டின மரத்தை அக்கரையிலிருந்து இக்கரைக்கு இழுக்க யாரோ ஆற்றின் குறுக்கே புதிதாக இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பி இறக்கையில் மாட்டியது. திரையில் அந்த ஆறு வந்தது. கூழாங்கல் மேடு வந்தது, மரம் வந்தது, தண்ணீரில் மேகத்தின் நிழல்கூட வந்தது. உன் அப்பா வேகத்தைக் குறைத்து இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார். லைன்மேன் புத்தி, கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடினார். ஆறு வளைந்தது, பள்ளத்தாக்கு விரிந்தது, மேட்டில் ஓடுபாதை தெரிந்தது. இறங்கி நிறுத்தினார். திரும்பவும் கிளம்பிப் போனார், திரும்பவும் இறங்கினார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "அங்க கம்பியே இல்ல" என்றார். எதையோ பறிகொடுத்த முகம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தாடிக்காரர்தான் சொன்னார், இந்தப் படத்தில் மலையும் ஆறும்தான் இருக்கும், நேற்று யாரோ கட்டின கம்பியெல்லாம் இருக்காது, பெரியவனும் அந்தப் பள்ளத்தாக்கை முதலில் இதே திரையில்தான் பாடமாக்கினான் என்று. அப்போதுதான் விளங்கியது. அத்தனை தடவையும் வெறும் காற்றாக இருந்த இடம் அது. அன்றைக்கும் வெறும் காற்றுதான் என்று அவன் கண் சொல்லியிருக்கும். நீயும் இப்போது ஓட்டிப் பழகுவது அதையேதான், சின்னவளே. உன் அண்ணன் சாகாத பள்ளத்தாக்கு அது. அதில் கண்ணை மூடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய் வரலாம். ஏட்டுச் சுரைக்காய் என்று நான் கேலியாகச் சொல்லவில்லை, அந்தக் கருவி நிறையச் சொல்லிக்கொடுக்கிறது, உன் அப்பாவுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது. இல்லாததை அது எப்படிச் சொல்லிக்கொடுக்கும்?

அன்று முழுக்க அவர் அதே ஆற்றின் மேல் போய்ப் போய் வந்தார். மறுநாள் காலையில் தாடிக்காரருக்குப் போன் போட்டு, அந்தப் படத்துக்குள்ளே நாமாக ஒரு கம்பி கட்ட முடியுமா என்று கேட்டார். முடியுமாம், பொழுதுபோகாதவர்கள் வீடு, பாலம் எல்லாம் அப்படிக் கட்டிச் சேர்ப்பார்களாம். இருவரும் உட்கார்ந்து கட்டினார்கள். உண்மையில் எங்கே இருந்ததோ அங்கேயே, கம்பம் இரண்டும் மரத்துக்குள் மறைந்து, கம்பி நடுவில் எவ்வளவு தொய்யும், வெயிலில் இன்னும் எவ்வளவு தொங்கும் என்று உன் அப்பா சொல்லச் சொல்ல அவர் வைத்தார். நான் காப்பி கொண்டுபோனபோது இவர் கண் கலங்கியிருந்தது. "காலம் பூரா கம்பி இழுத்தேன், கடைசியில என் பிள்ளைக்கும் நானே இழுக்கறேன் பாரு" என்றார். அப்படிப் பேசாதீர்கள் என்று அதட்டினேன். தாடிக்காரர் எழுந்து வெளியே போய் வாசலில் நின்றார்.

மறுநாள் மத்தியானம் தாடிக்காரர் இல்லாதபோது இவர் தனியாக உட்கார்ந்தார். அன்றைக்கு இருந்த மாதிரியே மேகத்தைத் தாழ வைத்து, எதிர்வெயில் வைத்துக் கிளம்பினார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றது. இறங்கிட்டேன் வரவில்லை. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஈரக்கையோடு ஓடினேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரை அப்படியே உறைந்து, மறுபடி தொடங்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. "கட்டினது நான். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கண்ணுக்குத் தெரியல" என்றார். அவன் தோளில் கை வைக்கிற மாதிரி அந்தத் திரையின் விளிம்பில் கை வைத்தார். பிறகு எதையும் அழுத்தாமல் மின்சாரத்தையே அணைத்துவிட்டார். உன் அண்ணன் மேல் அவருக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது, கவனமில்லாமல் ஓட்டிவிட்டான் என்று. எனக்கும் இருந்தது, இப்போது ஒளிப்பானேன். அந்தக் கோபம் அன்றோடு போய்விட்டது. அது இருந்தவரைக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

போகாதே என்று எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன். பெற்ற வயிறு வேறு என்ன எழுதும்? உன் அப்பாதான், "போகாதேன்னு எழுதினா வேற வேலைன்னு பொய் சொல்லிட்டுப் போவா, உன் பொண்ணுதானே அவ" என்றார். அதனால் அவர் செய்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறோம். அதில் அதே பள்ளத்தாக்கு இருக்கிறது, ஒரு கம்பியும் இருக்கிறது. அண்ணன் மோதின இடத்தில் இல்லை, வேறு எங்கேயோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை, சொன்னால் நான் போனில் உளறிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். தாடிக்காரரைக் கேட்டும் பிரயோசனமில்லை, வாயைக் கட்டிவைத்திருக்கிறார். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதில் போய் வா. அப்பா சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு, கம்பம் தெரிந்தால் அதன் தலைக்கு மேலே தாண்டு, தேட முடியாத அளவுக்கு மேகம் தாழ்ந்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடு, மருந்து ஒருநாள் தாமதமாகப் போகட்டும். முதல் தடவை நீ மோதுவாய். மோதினால் உடனே மறுபடி தொடங்காதே. திரை உறைந்து நிற்கும், அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. உன் அப்பா உட்கார்ந்திருந்த மாதிரி. அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் எங்களுக்குப் போன் செய், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

கண் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று? தள்ளிப்போடாதே. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே, பசித்தவன் கண் பாதிதான் பார்க்கும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒரு ஜோடி உன் அண்ணனுடையது, போட்டுக்கொள்ள மனமில்லாவிட்டால் பெட்டியிலாவது இருக்கட்டும்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் திரும்புகிற அகலம் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்தது, அவர் தனியாக எழுத மாட்டார். ஒன்றே ஒன்று மறக்காதே. நீ எந்த ஊரில், எந்த மேட்டில் தரை தொட்டாலும், எனக்கு அந்த ஒற்றை வார்த்தையை அனுப்பிவிடு. உனக்கான கம்பியை மாற்றிக் கட்டி முடித்ததோடு சரி, உன் அப்பா அதன் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. இறங்கிட்டேன் என்று என்னிடம் சொல்ல இனி நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
காதை வாசலில் வைத்திருக்கும்
உன் அம்மா