லாரி முழுங்கிய பட்டன்

குட்டியின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் வீட்டிலாவது தூக்கம் வருகிறதா? இங்கே நம் கிழட்டு லாரி மேடு ஏறினாலே கொதிக்கிறது. "ரேடியேட்டர் பூரா துருண்ணே, கழுவாம எடுக்காதீங்க" என்றார் மெக்கானிக்.

இன்று நானே கழுவினேன். கீழ்க்குழாயில் ஓஸ் பைப்பைச் சொருகித் தண்ணீரைத் தலைகீழாக ஏற்றினேன். மேல்வாய் வழியாகத் துரு கொட்டியது. நிறம் மாறி மாறி ஒருவழியாகத் தெளிந்தபோது ஒரு மஞ்சள் பட்டன் துள்ளி வந்து என் காலடியில் விழுந்தது.

குட்டியுடைய பூப்போட்ட கவுன் பட்டன்தான். எங்கே தொலைத்தாய் என்று நீ கேட்டதற்கு, "லாரி முழுங்கிடுச்சும்மா" என்றாளே! "வாயைத் திறந்தா பொய்யி" என்று நீ திட்டினாய். நானும் சிரித்தேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நான் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் என் தோளில் உட்கார்ந்து, "லாரிக்குப் பசிக்காதாப்பா?" என்று கேட்பாள். எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

மஞ்சள் பட்டன் இருந்த இடத்தில் நீ ஒரு கறுப்புப் பட்டனைத் தைத்தாய். மண்ணுக்குக் கொடுக்கும் முன் கடைசியாக அவளுக்கு அந்தக் கவுனைத்தான் போட்டுவிட்டோம்.

வண்டி இப்போது கொதிப்பதில்லை. பட்டனைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். ஊசியும் நூலும் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. தைக்கத்தான் கவுன் இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் குட்டியின் அப்பா