ஒருவரும் வாங்கக்கூடாது என்று நாங்கள் நேர்த்தி வைத்த கம்பனி

எனக்கு வாயாக இருந்த என் சின்னம்மாவுக்கு,

நீங்கள் கண்மூடிய முதலாம் ஆண்டுப் பூசைக்குச் சின்ன நினைவுப் புத்தகம் ஒன்று அடிக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் அதில் எழுதவேண்டும் என்று சுவாமியார் சொன்னபோது எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைக் காட்டினார். "உவள் கதைக்கத்தான் மாட்டாள் சுவாமி. எழுதச் சொல்லுங்கோ, எழுதுவாள்." மன்னாரில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் என்னைச் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினார்கள், அந்த வெட்கத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தையும் விட்டேன். ஆகவே பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களும் பொறுக்கட்டும்.

சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. "முடிவைச் சொல்லடி, பிறகு கதையைச் சொல்லு" என்பீர்கள். முடிவு இதுதான். நான் லிபெர்த்தாத் தெருப் பணக்கார வீட்டுக்கு, அங்கேயே தங்கி வேலை செய்யப் போகவில்லை. பக்கத்து ஊர் பகேரியாவில், பழைய வேலையில்தான் இருக்கிறேன். ஆந்தைக் கம்பனியை விற்றுவிட்டார்கள். விற்றதால்தான் நாங்கள் தப்பினோம்.

ஆந்தைக் கம்பனி என்பது நீங்கள் வைத்த பெயர். வீடியோ கேம் வெளியிடும் இங்கிலீஷ் கம்பனி அது. பெட்டியில் ஒரு ஆந்தை முழித்துக்கொண்டிருக்கும். "விக்கிற சாமானிலை ஆரும் ஆந்தையைக் கீறுவினமே?" என்று அம்மா முதல் நாளே முகத்தைச் சுளித்தார். இத்தாலிக்கு வரும் பெட்டிகளைப் பகேரியாக் கொட்டகையில் பிரித்து, இங்கிலீஷ் விளக்கப் புத்தகத்தை எடுத்துவிட்டு இத்தாலியன் புத்தகத்தை வைத்து மூடி அனுப்புவோம். அந்த வேலையை நடத்துகிறவர் இங்கிலாந்தில் படித்து வந்த பலெர்மோக்காரர். படித்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் தொத்தோரே. அவருடைய கந்தோரைக் கூட்டிக் கழுவப்போன நீங்கள் எப்படியோ கொட்டகைக்குப் பொறுப்பாகிவிட்டீர்கள்.

அம்மா வேலை செய்யும் லிபெர்த்தா வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, என்னைத் தன் தாயோடு தங்க அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, நீங்கள்தான் குறுக்கே விழுந்தீர்கள். "எனக்குப் பெட்டி மூட ஆள் காணாது அக்கா. இவளை என்னோடை விடு." எனக்குப் பயம் என்று நீங்கள் அம்மாவிடம் சொல்லவேயில்லை. ஏன் சின்னம்மா? என்னைக் காப்பாற்றவா, அம்மாவின் மனம் நோகக்கூடாது என்றா?

பெட்டி மூடிக்கொண்டே நீங்கள் சொன்ன கம்பனிக் கதை எனக்கு இன்னும் பாடம். "ரெண்டு கூட்டாளியள். ஒருத்தன் பாட்டுக் கசற் கடைக்காரன். மற்றவன் பள்ளிக்கூடப் பெடியள் எழுதிக் குடுத்த விளையாட்டுகளைக் கசற்றிலை பதிஞ்சு, பெற்றோல் செட்டிலை கொண்டுபோய் வைச்சவன். மற்றவை விக்கிற விலையிலை கால்வாசி. சனம் சும்மா விடுமே?" பிறகு என்று கேட்க எனக்கு வாய் வராது. நீங்களே தொடருவீர்கள். "பிறகென்ன, காசு வந்தாப்போலை கூட்டாளிக்குள்ளை காணிச் சண்டை மாதிரிச் சண்டை. ஒருத்தன் தன்ரை பங்கை வித்துப்போட்டுப் போயிட்டான். மற்றவன் கொம்பனியைப் பங்குச் சந்தையிலை விட்டான். அண்டையிலிருந்து முதலாளி ஆரெண்டு அவனுக்கே தெரியாது!"

அதற்குப் பிறகு ஜப்பான்காரரின் மெஷினுக்கும் விளையாட்டு விற்க ஆசைப்பட்டார்கள். கசற் மாதிரி அதை ஊரில் பதிய முடியாதாம். விளையாட்டு அடங்கிய பிளாஸ்டிக் கட்டைகளை ஜப்பானிலேயே செய்வித்து, முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டவேண்டுமாம். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு நரி ஓடும் விளையாட்டு ஒன்றை அளவுக்கு மிஞ்சிச் செய்வித்தார்கள். நரி விற்கவில்லை. எங்கள் கொட்டகைக் கூரை வரைக்கும் நரிப் பெட்டி. அதன் நிழலில் இருந்து சோறு சாப்பிடும்போது, "இந்த நரி எங்களையும் திண்டுபோட்டுத்தான் போகும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். உங்கள் இருமலும் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

நீங்கள் போன பிறகு கொட்டகையில் வானொலிதான் கதைத்தது. நானும் மொரிஷியஸ் தேவி அக்காவும் மட்டும். அவவுக்குத் தமிழ் பாட்டில்தான் வரும், மிச்சம் எல்லாம் இத்தாலியன். ஒரு நாள் தொத்தோரே வந்து, கம்பனியை ஒரு அமெரிக்கக்காரன் வாங்கக்கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகம் நன்றாக இல்லை. வாங்கினால் எங்களுக்கு என்ன ஆகும்? நீங்கள் இருந்திருந்தால் வாசலை மறித்து நின்று கேட்டிருப்பீர்கள். நான் ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வரவிருந்தது. அதுவரை அம்மாவின் பெர்மெஸ்ஸோவில், இங்கே தங்கும் அனுமதியில், இருந்தவள் இனி என் பெயரில் ஒன்று எடுக்கவேண்டும். அதைக் கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் முதலில் கேட்பது வேலை ஒப்பந்தத்தைத்தான். கொட்டகை பூட்டினால் ஒப்பந்தம் இல்லை. அப்போது சிஞ்ஞோராவின் தாய் வீடுதான் மிச்சம். கெட்டவர்கள் இல்லை சின்னம்மா. குசினிக்குப் பக்கத்தில் யன்னல் வைத்த அறைகூடத் தருகிறார்கள். ஆனால் வேலை முடிந்து போக ஒரு கதவு இல்லாத இடம் அது. இருபத்துநாலு மணித்தியாலமும் யாராவது என்னைக் கூப்பிடக்கூடிய இடம்.

செய்தி கேட்டதும் அம்மா தலையில் கை வைத்தார். "வீட்டை வித்தா முதல் வெளியிலை போறது வேலைக்காரி. லிபெர்த்தாவிலை எத்தினை பேருக்குப் பாத்திட்டன்! கொம்பனி எண்டா மட்டும் வேறையே?" அன்றைக்கே பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தார். கம்பனியை ஒருத்தரும் வாங்காவிட்டால், குடும்பத்தோடு செருப்பில்லாமல் மலைக்கோயிலுக்கு நடந்து ஏறுவோம். போர்கோ வெக்கியோவில் எங்கள் ஒற்றை அறையில் ஒன்பது நாள் நொவேனாச் செபம். மேல்மாடிப் பெண்கள் வந்தார்கள். தேவி அக்கா இந்து, அவவும் வந்து முன்வரிசையில் இருந்தா. "வாங்கக்கூடாது, தாயே, வாங்கக்கூடாது" என்று எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவதான்.

நொவேனா முடிய ஒரு நாள் இருக்கும்போது, தொத்தோரேயின் வாடின முகத்தைப் பார்த்துத் தேவி அக்கா இரங்கிவிட்டா. கவலைப்படாதீர்கள் தொத்தோரே, நாங்கள் எல்லாரும் மன்றாடுகிறோம், அந்த அமெரிக்கன் கிட்டவும் வரமாட்டான் என்றா.

தொத்தோரே நரிப் பெட்டியின் மேல் இருந்துவிட்டார்.

"என்ன மன்றாடுகிறீர்கள்?"

"ஒருவரும் வாங்கக்கூடாது என்று."

"மதோன்னா மீயா! எத்தனை நாளாக?" தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அது சிரிப்பு மாதிரியும் இல்லை. "பெண்ணே, கம்பனி ஏற்கனவே மூழ்கிவிட்டது. வங்கி கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஒருவரும் வாங்காவிட்டால் அங்கேயும் பூட்டு, இங்கேயும் பூட்டு. இந்த உலகத்தில் அந்த ஒரு மனிதன்தான் எட்டிப் பார்க்கிறான். அவனை நீங்கள் சாந்தா ரொசாலியாவை ஏவிவிட்டுத் துரத்துகிறீர்கள்!"

அன்று பின்னேர ரயிலில் வீடு திரும்பினோம். வீட்டில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே சுவாமியாரிடம் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"சுவாமி, வைச்ச நேர்த்தியை மாத்தலாமோ?"

"என்ன கேட்டனீங்கள்?"

"கொம்பனியை விக்கக்கூடாதெண்டு. இப்ப விக்கவேணுமாம்."

சுவாமியார் கரண்டியைப் பார்த்தார். "அம்மா, சாந்தா ரொசாலியா குகைக்குள்ளை தனிய இருந்து செபம் செய்தவ. அவவுக்கு லண்டன் பங்குச் சந்தை தெரியுமெண்டே நினைக்கிறீங்கள்?"

"அதுதானே சுவாமி பயமாக் கிடக்கு. தெரியாமல் நாங்கள் கேட்டதையே செய்துபோட்டாவெண்டா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கம்பனியை விட்டுவிட்டு, உண்மையாக என்ன வேணும் என்று கேட்டார். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பெர்மெஸ்ஸோ என்றார், வேலை என்றார், வாடகை என்றார். அப்போது யாரோ, "நான் அந்த வீட்டிலை போய் நிக்கமாட்டன். எனக்குப் பயம்" என்றது கேட்டது. நான்தான்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சின்னம்மாவுக்குத் தெரியும்."

"அவளுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதே?" அம்மாவின் குரல் உடைந்தது. "நான் என்ன உன்னைப் பிடிச்சுக் குடுக்கவே நிண்டனான்? கட்டில், சாப்பாடு, குளிருக்கு ஹீற்றர், உனக்கு நல்லதெண்டெல்லே நினைச்சன்."

வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சந்தைக்காரர்கள் பார்த்தார்கள். கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நொவேனாவின் கடைசி நாளில் அம்மா கம்பனி என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பிள்ளை பயப்பிடாமல் இருக்க ஒரு வழி" என்று மட்டும் கேட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கன் வாங்கினான். ஆந்தையைச் சின்னதாக்கிப் பெட்டியின் மூலையில் விட்டான். புது விளையாட்டு செய்யும் ஆட்களில் பாதிப் பேரை நிறுத்தினான். பழைய விளையாட்டுகளை எல்லாம் சீடியில் போட்டு, மலிவுப் பெட்டியில் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் கிரேக்கத்துக்கும் விற்கப்போகிறானாம். பொதி கட்டும் வேலை முழுவதும் பகேரியாவுக்கு. வாடகை இங்கேதான் குறைவு, கை பழகின ஆட்களும் இருக்கிறார்கள் என்று தொத்தோரே பேசி வென்றாராம். நரியும் சீடியாகி வந்திருக்கிறது. அந்த விலைக்கு விற்கிறது, சின்னம்மா! பாவம், அது நல்ல நரிதான் போல.

புது ஒப்பந்தத்தில் என் பெயர் இருக்கிறது. பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. குவெஸ்தூராவுக்கு வெளியே வந்ததும் மதில் கட்டின்மேல் இருந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து, பையில் கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துத் தந்தார். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்களிடம் வந்த வேலை இங்கிலாந்தில் யாரோ செய்துகொண்டிருந்த வேலை. அங்கேயும் ஒரு கொட்டகை, அங்கேயும் பெண்கள், அதைப் பூட்டிவிட்டார்கள். "அவர்களும் யாரிடமாவது கேட்டிருப்பார்கள், இல்லையா?" என்று தேவி அக்கா ஒரு நாள் கேட்டா. மேலே போன உங்களுக்குத் தெரியுமா?

லிபெர்த்தாவுக்கு அம்மா போய்ச் சொல்வதாக இருந்தது. நானே போனேன். படியில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் எல்லாம் கதவு திறந்ததும் பறந்துவிட்டது. "சிஞ்ஞோரா, நான் வரமாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. மன்னியுங்கள்" என்றேன். அவ, "இத்தனை வருஷத்தில் நீ என்னோடு பேசிய முதல் வசனம், அதுவும் மறுப்பா?" என்று சிரித்தா. கோப்பியும் தந்தா.

இப்போது வீட்டில் ஒரே வழக்கு. கேட்டது நடக்கவில்லை, ஆகவே நேர்த்தி செல்லாது, தன் முழங்காலும் சரியில்லை என்கிறார் அம்மா. கடைசி நாள் கேட்டது நடந்ததே என்கிறா தேவி அக்கா. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போவோம் என்று நான் சொன்னேன், வழக்கு முடிந்தது.

உங்கள் பூசைக்கு அடுத்த ஞாயிறு ஏறுகிறோம். அம்மா செருப்போடு வரட்டும், நான் வெறுங்காலோடு ஏறுவேன். எங்களுக்காக ஒரு மெழுகுதிரி, பெயர் தெரியாத அந்த இங்கிலீஷ்ப் பெண்களுக்காக ஒன்று, உங்களுக்காக ஒன்று. மேலே போய் இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று ஒன்றும் சொல்லமாட்டேன். தெரியாத வியாபாரத்தில் புனிதைக்குப் புத்தி சொல்வதை எங்கள் குடும்பம் விட்டுவிட்டது. நன்றி என்று மட்டும் சொல்வேன். வாய்விட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பயம் தெளிந்து எழுதும்,
உங்கள் பெறாமகள்
றீற்றா