நல்ல பக்கம் வரும்வரை

இன்று காலை கறிகாய் வாங்கப் போனபோது பழைய புத்தகக் கடைக்கார மலையாளச் சேட்டன் கைதட்டிக் கூப்பிட்டார். சாருக்காக எடுத்து வைத்து நாளாச்சு, சாரை இந்தப் பக்கம் காணவே இல்லையே என்று ஒரு தடிப் புத்தகத்தை நீட்டினார். அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸஃபோன் ஊதும் ஒரு மனிதர். அந்த சார் தவறிப்போய்விட்டார், நீங்கள் இல்லை என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. காசு வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் ஈரக் காகிதமும் சுக்கும் கலந்த அதே வாசனை. சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் இருக்கும் கடையாயிற்றே. அந்த வாசனை வந்ததும் உங்களிடம் பேசவேண்டும் போலிருந்தது.

வீட்டுக் கணக்கில் இந்தப் புத்தகங்களை மருந்துச் செலவில்தான் எழுதுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். துறைமுகத்து ஐலண்டில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் யாரோ ஒரு கப்பல் என்ஜினீயர் கொடுத்த ஜாஸ் கேசட்டுகளில் தொடங்கிய பைத்தியம் அது. கேசட்டுகள் பூசணம் பிடித்துப் போனபிறகு, அவற்றில் வாசித்தவர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தேடித் தேடி வாங்கினீர்கள். பாட்டைக் கேட்பதை விட்டு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "வாசிக்கறது எல்லாருக்கும் கேக்கும். வாசிக்காதப்போ அவா என்ன பண்ணினா, அது இதுலதான் இருக்காக்கும்" என்றீர்கள்.

சர்க்கரை உங்கள் கண்ணை எடுத்துக்கொண்டபோது ஃபோனே படித்துக் காட்டும் என்று நம் மகள் ஏதோ போட்டுக் கொடுத்தாள். ஒரு பக்கம் கேட்டுவிட்டு வேண்டா என்றீர்கள். "இது நடுவுல மூச்சே விடறதில்லை." அப்படித்தான் புத்தகம் என் கைக்கு வந்தது. மகளின் பள்ளிக்கூடப் பாடங்களை அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துப் பிடித்துக்கொண்ட இங்கிலீஷ் என்னுடையது. அவர்கள் பெயர்களெல்லாம் என் வாயில் நுழையாது. அதனால் டிரம்பெட்காரர், டிரம்ஸ்காரர், பாடுகிற அம்மாள் என்றே சொல்லிக்கொண்டோம். மத்தியானம் சாயா ஆனதும் காலலம்பிவிட்டு வந்து உட்காருவேன். புத்தகம் என்று கையில் எடுத்தால் எனக்குத் தெரிந்தது ராமாயணப் பாராயணத்தின் வழி ஒன்றுதான்.

பாராயணத்தில் ஒரு முறை உண்டு. சீதை அழும் இடத்தில், யாராவது விழும் இடத்தில் அன்றைய வாசிப்பை நிறுத்தக்கூடாது. நல்லது ஒன்று வரும்வரை வாசித்து அங்கேதான் ஏட்டைக் கட்டவேண்டும். நான் இந்தப் புத்தகங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டேன். அந்த மனிதர்களுக்கோ நல்லது வருவது அத்தனை அபூர்வம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் போவார்கள், ஊதிக் கைதட்டு வாங்கிய ஹோட்டலிலேயே கறுப்பர் என்று படுக்க அறை கிடைக்காது, போதை ஊசி, ஜெயில், மறுபடி ஊசி. ஒருநாள் டிரம்பெட்காரர் ஜெயிலுக்குப் போய்விட்டார். அவர் வெளியே வரட்டும் என்று வாசித்துக்கொண்டே போனேன். "இவன் வெளியில வரதுக்குள்ள நம்ம வீட்டுல விளக்கு வைக்கற நேரம் ஆயிடும்" என்றீர்கள். அப்படியேதான் ஆயிற்று. இன்னொரு தரம் கல்யாணம் வந்ததே என்று சந்தோஷமாகப் புத்தகத்தை மூடினேன். "அங்கே கட்டாதே. இவனுக்குச் சங்கடமே இனிமேல்தான்." அடுத்த அத்தியாயத்தில் விவாகரத்து. உங்களுக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.

சாயங்காலம் விளக்கேற்றும்போது அவர்களுக்காகவும் நான் வேண்டிக்கொள்வதை உங்களிடம் சொன்னதில்லை. தெரிந்திருக்கும்.

பிறகு கிட்னியும் போயிற்று. டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்து ஒன்றுமில்லை, மருந்து மாற்றியிருக்கிறார் என்றேன். வீட்டில் அதைப் பற்றிய பேச்சு தலைதூக்கும் போதெல்லாம் நான் கஞ்சி கொண்டு வந்தேன், தலையணையைச் சரி செய்தேன், ராமா என்று சொல்லுங்கோ என்றேன்.

மழை அடித்துப் பெய்த அந்த மத்தியானம் பியானோக்காரரின் புத்தகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். போர்வையின்மேல் விரல்கள் தாமாக வாசித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் மனைவி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வேகமாகப் பக்கத்தைப் புரட்டினேன். நீங்கள் தடவிப் பார்த்துப் புத்தகத்தின்மேல் கையை வைத்தீர்கள்.

"நிறுத்து."

"இங்கே வேண்டா. இன்னும் ரெண்டு பக்கத்துல நல்லதா ஏதாவது வரும்."

"வரட்டும். நாளைக்கு வரட்டும். இன்னிக்கு அவன் அங்கேயே இருக்கட்டும்."

மூடினேன். புத்தகத்தின்மேல் வைத்த கையை எடுக்காமலே, "எனக்கு பயமாயிருக்கு, கேட்டயா" என்றீர்கள்.

அப்படியெல்லாம் சொல்லப்படாது என்பதுதான் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை. "எனக்கும்தான்" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர்கள், அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வார்த்தை.

அப்புறம் நீங்கள் நிறையப் பேசினீர்கள். சாவதைப் பற்றிக்கூட அதிகம் இல்லை. போன தரம் ஆஸ்பத்திரியில் விழிப்பு வந்தபோது நான் பக்கத்தில் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் கிடந்ததைச் சொன்னீர்கள். "நீ மனசுக்குள்ளே ஜபம் பண்றே. எனக்குக் கண்ணும் தெரியல்லை. சத்தமா பண்ணேன்." இவ்வளவுதான் கேட்டீர்கள். எத்தனை நாளாக இதைச் சொல்ல இடம் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ, நான் ஒரு நல்ல பக்கத்தைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அந்த இரண்டு பக்கத்திலும் நல்லது ஒன்றும் வரவில்லை. "பாத்தயா" என்று சிரித்தீர்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஜபத்தை வாய்விட்டே சொன்னேன். அடுத்த கட்டில்காரருக்குத் துணையிருந்த முஸ்லிம் உம்மா தன் பிரார்த்தனையை நிறுத்தி, என் குரல் ஓயும்வரை காத்திருந்து தொடர்வாள். உங்கள் கை என் கையில் தளர்ந்த பிறகும், கேட்டாலும் கேட்கும் என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் இடப்பள்ளியிலிருந்து வந்திருந்தாள். நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, எனக்கு இந்த ஆத்துக்கு வரதுக்கே இப்போ பிடிக்கல்லை" என்று பின்னால் நின்று சொன்னாள். குரல் உடைந்திருந்தது. போய் முகம் அலம்பிண்டு வா, சாப்பிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றேன். சாம்பார் ஆறிப்போகும்வரை அவள் சொன்னாள்.